தீர்மானம் பாஸ் ஆயிடுச்சு, வாறுகால் எங்கே?

மாதத்துக்கு ஒருமுறை செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் இப்படி ஒரு தலைப்பு வந்துவிடும்: ‘நகர்மன்றக் கூட்டத்தில் 47 தீர்மானங்கள் நிறைவேற்றம்’. கீழே வெள்ளை வேட்டிகளும் பட்டுச் சேலைகளுமாக ஒரு போட்டோ. எங்கள் தெரு முக்கு டீக்கடையில் அதை முதலில் வாசிப்பவர் பக்கத்து வீட்டு அண்ணாச்சிதான். அடுத்த மாதமே அதே பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் கேட்பார்: “நம்ம தெரு வாறுகாலுக்குத் தீர்மானம் பாஸ் ஆயிட்டுன்னு பேப்பர்ல போட்டாம்லா? இன்னும் ஒரு செங்கல்லு வரலியே தம்பி. பணத்த எவன் தின்னான்?” வாறுகால் என்று எங்கள் பக்கம் சொல்வது தெருவோரக் கழிவுநீர் வடிகாலை.

யாராவது தின்றிருக்கலாம், இல்லை என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் அண்ணாச்சி அந்தக் கேள்வியைக் கேட்கும் கட்டத்தில் பெரும்பாலும் தின்பதற்குப் பணமே வந்திருக்காது. தீர்மானம் என்பதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் அர்த்தம் ஒன்று, நகராட்சி அலுவலகத்தில் அதற்கு உள்ள அர்த்தம் வேறு. அந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டின் ஒரு சாதாரண நகராட்சியை மனதில் வைத்து எழுதுகிறேன். மாநகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் பதவிப் பெயர்களும் அதிகார அளவும் மாறும், அடிப்படை ஏறக்குறைய ஒன்றுதான்.

கோயில் கொடையிலிருந்து ஆரம்பிப்போம்

எங்கள் பக்கம் அம்மன் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, முன்னால் வரிதாரர் கூட்டம் போடுவார்கள், வரி கொடுக்கும் குடும்பத்தார் கூடும் கூட்டம் அது. இந்த வருஷம் மூன்று நாள் கொடை, வில்லுப்பாட்டு உண்டு, தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு வரி என்று பேசி முடித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அன்று ராத்திரி பந்தல் வந்துவிடுமா? வராது. வரி பிரிக்க வேண்டும், இரண்டு மூன்று பந்தல்காரர்களிடம் விலை கேட்க வேண்டும், படிந்தவருக்கு வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் அவர் வண்டியில் மூங்கில் ஏற்றுவார். கொடை முடிந்து, பேசின அளவுக்குப் பந்தல் போட்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் மீதிப் பணம்.

கூட்டத்தில் எடுத்த முடிவுதான் தீர்மானம். அச்சாரம் என்பது வேறு கட்டம், பந்தல் என்பது அதற்கும் அடுத்த கட்டம். கொடை விஷயத்தில் இது எல்லோருக்கும் தெரியும், யாரும் கூட்டம் முடிந்த அன்றே பந்தலைத் தேட மாட்டார்கள். நகராட்சி என்றதும் மட்டும் ஏனோ தேடுகிறோம்.

ஒரு விஷயத்தில் இந்த உவமை உதவாது. கொடையில் முடிவெடுப்பவரும் நடத்துபவரும் ஊர்க்காரர்களே. நகராட்சியில் முடிவெடுப்பவர் நாம் ஓட்டுப் போட்டவர், அதை நடத்திக் காட்டுபவர் அரசு அனுப்பிய அதிகாரி.

தலைவர் ஒருவர், ஆணையர் இன்னொருவர்

வார்டுக்கு ஒருவர் என்று நாம் தேர்ந்தெடுக்கும் கவுன்சிலர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் நகர்மன்றம். நகர்மன்றத் தலைவருக்கு நாம் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை, கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 பிப்ரவரி 19 அன்று நாம் போட்டது கவுன்சிலருக்கான ஓட்டு மட்டும். மார்ச் 4 அன்று மன்றத்துக்குள் நடந்தது தலைவர் தேர்தல். இதற்கு முந்தைய மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. இடைப்பட்ட ஐந்து வருஷத்துக்கு மேலான காலத்தில் மன்றமே கிடையாது, தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். ‘கவுன்சிலர் என்றால் யார்’ என்று கேட்டே ஒரு தலைமுறை கல்லூரி முடித்துவிட்டது. இன்று இவ்வளவு குழப்பம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நகராட்சி ஆணையர் அரசு நியமிக்கும் அதிகாரி. எப்போது வேண்டுமானாலும் மாறுதலில் போவார். பொறியாளர், நகர்நல அலுவலர், நகரமைப்பு ஆய்வாளர், வருவாய் ஆய்வாளர், நம் வீட்டுக்கு வரும் பில் கலெக்டர் எல்லோரும் அவருக்குக் கீழே. மன்றம் ‘செய்யலாம்’ என்று சொன்னதைச் செய்து முடிப்பது இவர்கள் வேலை.

அதனால் ‘கவுன்சிலர்கிட்ட சொன்னேன், லைட் போடலை’ என்று கோபப்படும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கவுன்சிலரால் மின் பணியாளருக்கு ஆணை போட முடியாது. சொல்லலாம், நச்சரிக்கலாம், மன்றத்தில் எழுந்து சத்தம் போடலாம். சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிற மாதிரி நகராட்சி கவுன்சிலர் கையில் ஒதுக்கீடு எதுவும் இல்லை. அவருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் என்று வந்ததே 2023இல்தான். கவுன்சிலரின் பலம் விடாமல் கேட்பதில் இருக்கிறது. நல்ல கவுன்சிலருக்கு அது தெரியும்.

இதுவரை பார்த்தது: மன்றம் முடிவெடுக்கும், ஆணையரும் அலுவலகமும் செய்யும், கவுன்சிலர் கேட்டு வாங்குவார். மன்றத்தின் முடிவு எழுத்தில் வந்தால் அதன் பெயர் தீர்மானம்.

ஒரு வாறுகால் எத்தனை மேசை தாண்டுகிறது

நகர்மன்றக் கூட்டம் வழக்கமாக மாதம் ஒருமுறை. அதற்கு முன்னால் கவுன்சிலர்களுக்கு அஜெண்டா என்று ஒரு கட்டுக் காகிதம் போகும். ஒருமுறை எங்கள் வார்டு கவுன்சிலர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதை முழுசாகப் புரட்டியிருக்கிறேன். ஒவ்வொரு பொருளும் ஒரே வார்ப்பில் இருக்கும். இன்ன வார்டு, இன்ன தெருவில் பழுதடைந்த வடிகாலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் பணிக்கு இவ்வளவு லட்சத்துக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது, இன்ன நிதியிலிருந்து மேற்கொள்ளலாம், ‘மன்றத்தின் அனுமதிக்கு’. கீழே அலுவலகக் குறிப்பு. கவுன்சிலர்கள் பேசி ஒப்புக்கொண்டால் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதுவார்கள். பேசாமலே ஒப்புக்கொள்வதும் உண்டு. அரை மணி நேரத்தில் 47 பொருள் எப்படி முடிகிறது என்று யோசித்தால் உங்களுக்கே புரியும்.

அஜெண்டாவில் இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும்: பின்னேற்பு. குடிதண்ணீர் மோட்டார் எரிந்துபோனால் மன்றம் கூடும்வரை ஊர் தாகத்தோடு இருக்க முடியாது, தலைவரின் முன் அனுமதியோடு உடனே வேலையைச் செய்துவிட்டுப் பிறகு மன்றத்தில் வைத்து ஒப்புதல் வாங்குவார்கள். அவசரத்துக்கு இருக்கிற நல்ல வழி இது. அவசரமே இல்லாத வேலைகளும் அதே வழியில் வரும்போதுதான் எதிர்க்கட்சிக் கவுன்சிலர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளிநடப்பு செய்கிறார்கள்.

சரி, நம் வாறுகாலுக்கு வருவோம். தீர்மானத்துக்கு முன்பே பொறியாளர் பிரிவில் இருந்து ஒருவர் டேப்போடு வந்து அளந்திருப்பார். நீளம், ஆழம், எத்தனை மூட்டை சிமென்ட், எவ்வளவு கம்பி என்று போட்டு, அரசின் விலைப் பட்டியல்படி கணக்கிட்டது எஸ்டிமேட். இதை வைத்து மன்றம் தருவது நிர்வாக அனுமதி, அதாவது ‘இந்த வேலை தேவை, இவ்வளவு செலவு செய்யலாம்’ என்ற சம்மதம். அடுத்தது தொழில்நுட்ப அனுமதி, ‘இந்த வடிவமும் கணக்கும் சரி’ என்று பொறியாளர் தரப்பு போடும் கையெழுத்து. தொகை பெரிதானால் இதற்குக் கோப்பு ஊரைத் தாண்டி மண்டல அலுவலகத்துக்கோ சென்னைக்கோ போய்வர வேண்டும். அண்ணாச்சியின் செங்கல் காத்துக்கிடக்கும் முதல் இடம் இது.

இரண்டாவது இடம் டெண்டர். தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி விளம்பரம் செய்து, முன்வைப்புத் தொகை வாங்கி, விலை கேட்க வேண்டும். யாருமே விலை போடாமல் போவதும் நடக்கும். சின்னச் சந்துக்குள் ஜல்லி லாரி நுழையாது, தலைச்சுமைக் கூலி எஸ்டிமேட்டில் கட்டுப்படியாகவில்லை என்றால் ஒப்பந்ததாரர் ஏன் வரப்போகிறார்? அப்போது மறு டெண்டர். யாராவது குறைந்த விலை போட்டால், தொகையைப் பொறுத்து, அந்த விலையை ஏற்பதற்கே திரும்பவும் மன்றத்துக்கு வரும்.

மக்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். ஒரே வாறுகால் இரண்டு தடவை ‘தீர்மானம்’ ஆகிறது. முதல் தடவை வேலைக்கு, இரண்டாம் தடவை விலைக்கு. பத்திரிகையில் இரண்டுமே ‘நிறைவேற்றம்’ என்றுதான் வரும்.

அப்புறம் பணி ஆணை, அதாவது ‘நீ ஆரம்பி’ என்று ஒப்பந்ததாரருக்கு எழுத்தில் போகும் உத்தரவு. கொடையில் சொன்ன அச்சாரம் இதுதான். இந்தச் சமயத்தில் பூமி பூஜை நடக்கும், தேங்காய் உடைத்துக் கடப்பாறையைப் பிடித்தபடி பத்துப் பேர் நிற்பார்கள், அதுவும் செய்தியாகும். வேலை நடக்கும்போது பொறியாளர் அளந்து எழுதிவைப்பது அளவுப் புத்தகம், அலுவலகத்தில் ‘எம் புக்’ என்பார்கள். அதில் உள்ள அளவுக்குத்தான் பில். பில் தொகையிலும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்தில் சொன்ன காலத்துக்குள் கட்டுமானம் உடைந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டும் என்பதற்கான பிடிமானம் அது.

ஆக, எஸ்டிமேட், மன்ற அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், விலைக்கு ஒப்புதல், பணி ஆணை, அளவு, பில். டீக்கடையில் நாம் பார்க்கும் செய்தி இந்த எட்டில் இரண்டாவது, இல்லையென்றால் ஐந்தாவது.

பணம் யாருடையது

‘வரி கட்டுறோம்ல?’ என்பது அடுத்த கேள்வி. கட்டுகிறோம். ஆனால் நகராட்சியின் சட்டைக்கு இரண்டு பாக்கெட்.

ஒன்று சொந்த வருவாய். சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், பேருந்து நிலையக் கடை வாடகை, தினசரிச் சந்தைக் குத்தகை இதெல்லாம் இதில் சேரும். சொத்து வரியை அரையாண்டுக்கு ஒருமுறை கேட்பார்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அந்தந்த மாதக் கடைசிக்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. இது தெரியாமல் மார்ச் மாதம் அவசரமாக ஓடுகிறவர்கள்தான் அதிகம். ரசீதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள், அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் 10 விழுக்காடு. நகராட்சி அதை வசூலித்து நூலகத்துக்கான ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஊர் நூலகத்துக்கு நகராட்சி சொந்தக்காரர் இல்லை, வசூல் செய்து கொடுப்பவர் மட்டும். தொழில் வரிக்கு அரசியலமைப்பே ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டுவிட்டதால் அதை நினைத்தபடி ஏற்ற முடியாது.

2022இல் சொத்து வரி உயர்ந்தபோது எங்கள் ஊரில் திட்டு வாங்கியவர்கள் தலைவரும் கவுன்சிலர்களும். சின்ன வீடுகளுக்கு 25 விழுக்காட்டில் தொடங்கிப் பரப்பளவுக்குத் தகுந்தபடி ஏறிய அந்த உயர்வு மாநில அளவில் எடுத்த முடிவு. அதற்குப் பின்னால் மத்திய நிதிக்குழுவின் நிபந்தனை இருந்தது, சொத்து வரியைச் சீர்செய்யாத ஊர்களுக்கு மானியம் கிடைக்காது என்று. ஊரில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் திட்டு மட்டும் மிச்சம்.

இரண்டாவது பாக்கெட் மேலிருந்து வரும் பணம். மாநில நிதி ஆணையம் பரிந்துரைத்தபடி மாநில அரசின் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கு உள்ளாட்சிகளுக்கு வருகிறது. நிலம் வாங்கிப் பதியும்போது முத்திரைத் தீர்வையோடு நாம் கட்டும் 2 விழுக்காடு கூடுதல் தீர்வையும் உள்ளாட்சிக்கு உரியது. இவை தவிர மத்திய நிதிக்குழு மானியமும் தனித்தனித் திட்ட நிதிகளும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. துபாயில் இருக்கும் மகன் பணம் அனுப்பி, ‘இது மாடிப்படிக்கு மட்டும்ப்பா, வேறு எதுலயும் கை வைக்காதீங்க’ என்று சொல்கிறான் என்று வையுங்கள். வீட்டில் அடுப்பு உடைந்து கிடந்தாலும் அந்தப் பணத்தில் அடுப்பு வாங்க முடியாது. இப்படி இன்ன வேலைக்கு மட்டும் என்று கட்டிப்போட்டு வருவது பிணைக்கப்பட்ட மானியம். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை எங்கள் ஊரைப் போன்ற நகரங்களுக்குக் கொடுத்ததில் 60 விழுக்காடு அப்படித்தான், பாதி குடிநீருக்கு, பாதி துப்புரவுக்கு. ‘வாறுகால் இடிஞ்சு கிடக்கு, பூங்காவுக்கு நாற்காலி போடுறான் பாரு’ என்று நாம் சிரிக்கும்போது, சில சமயம் அது பூங்காவுக்கென்றே வந்த பணமாக இருக்கும். எல்லாச் சமயமும் அப்படி இல்லை. அதனால்தான் ‘எந்த நிதியில் செய்கிறீர்கள்’ என்று கேட்பது ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்பதைவிடக் கூர்மையான கேள்வி என்பேன்.

சுருக்கமாக: நாம் கட்டும் வரி ஒரு பாக்கெட், மேலிருந்து வருவது இன்னொன்று. இரண்டாவதில் ஒரு பகுதிக்குப் பெயர் எழுதித்தான் அனுப்புகிறார்கள்.

யாரைக் கேட்பது

இதில் நானே அசடு வழிந்திருக்கிறேன். பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு பள்ளம், மழைக்குத் தண்ணீர் நின்று ஆழம் தெரியாமல் என் பைக் உள்ளே இறங்கி முழங்கை சிராய்த்துவிட்டது. கோபத்தில் மூன்று பக்கம் மனு எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கிய எழுத்தர் முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு, “சார், இது எங்க ரோடு இல்லையே” என்றார். ஊருக்குள்ளே போகிறது, எங்கள் வீட்டு விலாசத்திலேயே அந்த ரோட்டின் பெயர் இருக்கிறது, ஆனாலும் அது மாநில நெடுஞ்சாலை. பராமரிக்க வேண்டியது வேறு துறை.

ஊருக்குள் இருப்பதெல்லாம் நகராட்சியுடையது என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் நகராட்சி, தெருவே இருட்டாகிவிட்டது என்றால் மின்வாரியம். ஆற்றிலிருந்து ஊர் எல்லைவரை தண்ணீர் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைப் பல ஊர்களில் குடிநீர் வடிகால் வாரியம் நடத்துகிறது, மேல்நிலைத் தொட்டியிலிருந்து நம் குழாய்வரை நகராட்சி. அதனால்தான் தண்ணீர் வராத அன்று இரண்டு பக்கமும் அடுத்தவர்களைக் கை காட்டுகிறார்கள், சில நேரம் இரண்டு பேர் சொல்வதும் உண்மை. பட்டாவும் ரேஷன் அட்டையும் தாலுகா அலுவலக வட்டாரம். பிறப்பு, இறப்புச் சான்று நகராட்சி. குழந்தை பிறந்து 21 நாளுக்குள் பதிவாகிவிட்டதா என்று ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போதே கேட்டுவிடுங்கள், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அலைய வேண்டாம். கட்டட வரைபட அனுமதி, வீட்டுக்கு வீடு குப்பை வாங்குவது, கொசு மருந்து அடிப்பது, தெரு நாய், சுடுகாடு இவையெல்லாம் நகராட்சியின் கணக்கு.

உள்ளாட்சியே மாறும்போது இந்தக் கேள்வி இன்னும் சூடாகும். 2024இல் புதுக்கோட்டை, காரைக்குடி, நாமக்கல், திருவண்ணாமலை மாநகராட்சிகளாக உயர்ந்தபோது நகரவாசிகள் பட்டாசு வெடித்தார்கள், சேர்க்கப்படவிருந்த ஊராட்சிகளில் மறியல் நடந்தது. நகரத்துக்காரர்களுக்கு அது புரியவில்லை, ‘மாநகராட்சி ஆக மாட்டேன்னு யாராவது சொல்வாங்களா’ என்று கேட்டார்கள். ஊராட்சி நகரமானால் அப்போதிருந்த நூறு நாள் வேலை போய்விடும், அது ஊரகப் பகுதிக்கு மட்டுமான திட்டம். கூடவே வரியும் ஏறும். ரோடும் விளக்கும் எப்போதோ வரும், கூலி மறு வாரமே நின்றுவிடும் என்று கணக்குப் போட்டவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று சொல்ல மாட்டேன்.

செய்தியை வாசிக்கும்போது

இனி அந்த மாவட்டப் பக்கத்தைத் திறந்தால் தொகையைப் பார்ப்பதற்கு முன் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘கோரிக்கை விடுத்தார்’ என்றால் எதுவும் தொடங்கவில்லை. ‘கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது’ என்றால் மேலே பணம் கேட்டிருக்கிறார்கள், பதில் இல்லை. ‘தீர்மானம் நிறைவேற்றம்’ என்றால் வேலைக்கா விலைக்கா என்று பாருங்கள். ‘பணி ஆணை வழங்கப்பட்டது’ என்று வந்த பிறகும் வேலை தொடங்கவில்லையென்றால்தான் அண்ணாச்சி குரலை உயர்த்த நியாயம் உண்டு. வேலை நடக்கும் இடத்தில் தகவல் பலகை இருந்தால் அதில் பணியின் பெயர், மதிப்பீடு, நிதியின் பெயர், ஒப்பந்ததாரர் விவரம் எல்லாம் கிடைக்கும்.

பலகை இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் கட்டவில்லை’ என்று எழுதாதீர்கள், அதற்கு ஆவணம் கிடையாது. தீர்மான எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, பணி ஆணையின் நகலும் அளவுப் புத்தகப் பக்கங்களின் நகலும் வேண்டும் என்று எழுதுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது, பகுதி சபை. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அங்கே வாக்காளராக இருக்கும் எல்லோரும் உட்கார்ந்து பேசும் கூட்டம், கிராமசபையின் நகர்ப்புறத் தம்பி. 2022இல்தான் இதற்கு விதிகள் வந்தன, அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று கூட்டங்கள் நடந்தன. எங்கள் பகுதியில் நான் போன கூட்டத்தில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, டீயும் வடையும் வைத்திருந்தார்கள். வந்தவர்களைவிட நாற்காலி அதிகம். வந்தவர்களிலும் முக்கால்வாசிப் பேர் பட்டா, ரேஷன் அட்டை என்று நகராட்சிக்குச் சம்பந்தமில்லாத குறைகளைச் சொல்லிவிட்டு, வடையைச் சாப்பிட்டுக் கிளம்பினார்கள்.

அண்ணாச்சியை அடுத்த கூட்டத்துக்கு இழுத்துப் போயிருந்தேன். வாறுகால் எந்த வீட்டிலிருந்து எந்த வீடுவரை இடிந்திருக்கிறது, எத்தனை மீட்டர் என்று சைக்கிள் டயர் சுற்றை எண்ணி எழுதி எடுத்து வந்திருந்தார். கூடவே தீர்மானச் செய்தி வந்த பேப்பர் துண்டு. அதைப் பார்த்துவிட்டுப் பொறியாளர் பிரிவில் இருந்து வந்தவர் கோப்பைப் புரட்டிச் சொன்னார்: டெண்டரில் யாரும் விலை போடவில்லை, மறு டெண்டர் வைத்திருக்கிறார்கள், இந்த மாதம் 18ஆம் தேதி பிரிப்பு. அண்ணாச்சி அந்தத் தேதியைப் பேப்பர் துண்டின் ஓரத்திலேயே குறித்துக்கொண்டார்.